நான் கையெழுத்துப் போட்ட இஞ்சின்

போலீஸ் லாக்கப்பில் நான் ஒரு முறை இருந்திருக்கிறேன். திருடியதற்காக அல்ல. அடிதடிக்காகவும் அல்ல. மலாய் நாட்டு அவசரகாலத்தில் சந்தேகத்தின் பேரில் ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்களே, அதற்காகவும் அல்ல. நிபுணர் என்ற முறையில் உள்ளே போனவன் நான். மம்பாவ் முதல் புக்கிட் பெலண்டோக் வரை அந்தப் பெருமைக்கு உரியவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சங்கம் வைப்போம்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. கோலா சாவா பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. காலையில் பெயர் கூப்பிட்டு ஆள் பதிவது, பகலில் பெரிய கிராணி சொல்வதை எழுதுவது, மாலையில் தலைக்கு எண்ணெய் தடவி நடுவகிடு எடுத்துக்கொண்டு தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துப் பக்கம் ஒரு சுற்று நடப்பது. இவ்வளவுதான் உத்தியோகம். ஆனால் நான் ரகசியமாக ஒரு மோட்டார் இஞ்சினியர். லண்டனிலிருந்து தபாலில் பாடம் வரும். மொத்தம் பன்னிரண்டு பாடங்கள், அவற்றில் நான்கு வந்திருந்தன. நான்கையும் மனப்பாடம் செய்திருந்தேன். ஐந்தாவது பாடம் கப்பலில் வந்துகொண்டிருந்தது. (அந்தக் கப்பல் ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

ரகசியம் என்று சொன்னேனே தவிர, எஸ்டேட்டில் அது தெரியாத ஆள் கிடையாது. நானே சொல்லியிருந்தேன். யாருடைய சைக்கிளாவது கிறீச்சென்றால் நின்று, காதைச் சாய்த்துக் கேட்டு, "ம்... உராய்வு" என்பேன். சரி செய்ய மாட்டேன். பெயர் சொல்வதோடு சரி. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வயது வரை நான் ஒரு மோட்டார் வண்டியின் பானெட்டைக் கையால் திறந்ததே இல்லை.

எங்கள் எஸ்டேட்டில் ஒரு பிக்கப் இருந்தது. சண்டைக்கு முன்னால் வந்த அமெரிக்க வண்டி. பச்சை வண்டி என்றுதான் பெயர். சிரம்பானிலிருந்து ரேஷன் அரிசி ஏற்றி வரும், பிரசவ வலி கண்டவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும். இரண்டு பிள்ளைகள் ஆஸ்பத்திரி வரை பொறுக்காமல் அதன் பின்தட்டிலேயே பிறந்தார்கள். அதை ஓட்டியவர் மருதமுத்து. வண்டிக்குள் ஏறும்போது செருப்பைக் கழற்றி வெளியே தட்டிவிட்டு ஏறுகிற மனிதர்.

வண்டி பழையது என்றாலும் உள்ளே இருந்த இஞ்சின் அதனுடையது அல்ல. ஜப்பான்காரன் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயை ஊற்றி ஓட்டினார்கள். பழைய இஞ்சின் அதைக் குடித்துக் குடித்து, உள்ளே எல்லாம் தாராக ஒட்டிக்கொண்டு செத்துப்போனது. சண்டை முடிந்ததும் பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன லாரிகளைத் திடலில் போட்டு விற்றார்கள். அப்போதிருந்த துரை அங்கே ஓர் இஞ்சினை வாங்கி, ரசீதை ஆபீஸ் கோப்பில் வைத்தார். மருதமுத்துவும் எஸ்டேட் கொல்லரும் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைவீட்டு உத்திரத்தில் சங்கிலி கட்டித் தொங்கவிட்டு, இரண்டு நாள் போராடி, அதைப் பச்சை வண்டிக்குள் இறக்கினார்கள். பிறகு துரை சீமைக்குப் போனார், கொல்லர் ஊருக்குப் போனார். வண்டியின் பதிவு அட்டையில் மட்டும் செத்துப்போன இஞ்சினின் எண் அப்படியே இருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வண்டிதான் ஓடுகிறதே!

இப்படி ஆறு ஆயுத பூஜை கழிந்தது.

அதற்குள் அவசரகாலம் வந்து எஸ்டேட்டைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டார்கள். வாசலில் துப்பாக்கியோடு ஸ்பெஷல் கான்ஸ்டபிள். ஆறு மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு, எங்கள் பேச்சில் காட்டுக்காரர்களுக்கு, போய்ச் சேர்ந்துவிடும் என்று சமைத்த சோற்றைக்கூட வெளியே எடுத்துப் போக விடமாட்டார்கள். புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு லாரியை மறித்துக் கொளுத்திவிட்டார்கள் என்றும், எரிந்த லாரியில் இஞ்சின் மட்டும் இல்லை என்றும் ஒரு பேச்சு. அதிலிருந்து ரோட்டுத் தடைகளில் பானெட்டைத் திறக்கச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் காலை மம்பாவ் தாண்டிய தடையில் பச்சை வண்டியை நிறுத்தினார்கள். அட்டையில் இருந்த எண்ணை இஞ்சினில் தேடினார்கள். அந்த எண் இல்லை. எந்த எண்ணுமே கண்ணில் படவில்லை. "நம்பர் மானா?", நம்பர் எங்கே என்று மலாயில் கேட்டால் மருதமுத்துவுக்கு என்ன தெரியும்? அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வண்டியையும் அவரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

செய்தியோடு ஆபீசுக்கு ஓடி வந்தது அவருடைய மகள் தனம். ரப்பர்ப் பால் இறக்க மரம் சீவிவிட்டு வந்த கோலத்திலேயே வந்தாள், நெற்றியில் விளக்குக் கட்டின தடம்கூடப் போகவில்லை. பெரிய கிராணி கோப்பைப் புரட்டி அந்த ரசீதைக் கண்டுபிடித்தார். அதில் இஞ்சினின் எண் தெளிவாக இருந்தது.

"இதே நம்பர் இஞ்சின்ல இருந்தா உங்கப்பா வீட்டுக்கு வந்துடுவாரு. இல்லேன்னா..." என்று சொல்லி நிறுத்தினார். மிச்சம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விசாரணை இல்லாமல் பிடித்து வைக்கலாம். இந்தியாவில் பிறந்தவர்களைக் கப்பலேற்றி அனுப்பிவிடலாம். "நாளைக்கி சிரம்பான்ல இருந்து ஒரு மெக்கானிக்க கூட்டிக்கிட்டுப் போயிப் பாக்கலாம்."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

"மெக்கானிக் எதுக்கு சார்? நான் போறேன். ஒரு நிமிஷ வேலை."

தனம் என்னைப் பார்த்தாள். "நீங்க இஞ்சினு படிச்சவங்கன்னு சொன்னாங்க. நெசந்தானே?"

"கொஞ்சம்" என்றேன், நிறைய என்று அர்த்தம் வரும்படியாக.

ரசீதை எடுத்துக்கொண்டு, ரப்பர்ப் பால் ஏற்றிப் போகும் லாரியில் இடம் கேட்டுப் போனோம். அப்பாவுக்கென்று தனம் கொண்டு வந்த சோற்றைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில் வழியெல்லாம் அவள் பேசவில்லை. நான்தான் பேசினேன். இஞ்சின் என்பது நான்கு வீச்சுகளில் வேலை செய்கிறது, உறிஞ்சல், அழுத்தம் என்று இரண்டாம் பாடத்தை ஒப்பித்துக்கொண்டே போனேன். அப்பாவைப் போலீஸ் பிடித்து வைத்திருக்கும் பெண்ணிடம்!

ஸ்டேஷன் முற்றத்தில் பச்சை வண்டி நின்றது. பக்கத்தில் போலீஸ் லாரி. மலாய்க்கார சப்-இன்ஸ்பெக்டர் ஒருவரும் சீக்கியக் கார்ப்பரல் ஒருவரும் வந்தார்கள். "இவர் இஞ்சினியரா?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர். "யெஸ் சார்" என்றேன்.

பானெட்டைத் திறக்கப் போனேன். முன்னால் இழுத்தேன், வரவில்லை. கண்ணாடிப் பக்கம் இழுத்தேன், வரவில்லை. அது பக்கவாட்டில் மடித்துத் தூக்குகிற மாதிரி. தனம் வந்து கொக்கியை ஒரு தட்டுத் தட்டித் தூக்கிவிட்டாள். "லேசா இறுகியிருந்தது" என்றேன்.

உள்ளே பார்த்தேன். ஒரே கறுப்பும் எண்ணெயும். படத்தில் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று தனித்தனியாக இருந்ததெல்லாம் நிஜத்தில் ஒரே நிறம். எனக்கு அடையாளம் தெரிந்த ஒரே பொருள் முன்பக்கம் மேலே இருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு அப்பிய சந்தனம், நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. ஆறு பூஜையின் பொட்டு. வைத்த பொட்டை அழிக்கக் கூடாது என்பதால் ஒவ்வொரு வருஷமும் அதன் மேலேயே வைத்து, இஞ்சின் சூட்டில் வெந்து வெந்து ஓடு மாதிரி இறுகியிருந்தது. நல்ல தமிழ்ப் பிள்ளையாக அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதைப் பார்த்த கார்ப்பரலும் சாமி விஷயம் என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். காலையிலிருந்து அவர்களும் அந்த ஓர் இடத்தை மட்டும் தொடாமல் விட்டிருந்தார்கள்.

அப்போதுதான் தனம் மெல்லச் சொன்னாள். "எழுத்து நெத்தியில இருக்குங்க. மொத மொதப் பூஜையில நான்தான் பொட்டு வச்சேன். அங்க என்னமோ வெட்டியிருந்துச்சு."

"இஞ்சினுக்கு நெத்தி கிடையாதும்மா" என்றேன்.

"இல்லங்க, அந்தச் சந்தனத்துக்கு..."

"தொந்தரவு பண்ணாம கொஞ்சம் தள்ளி நில்லு. இது டெக்னிக்கல் விஷயம்."

அந்த 'டெக்னிக்கல்' இன்று வரை என்னைத் துரத்துகிறது. கத்தரிக்காயில் உப்புக் குறைவு என்று சொன்னால்கூட, "தள்ளி நில்லுங்க, இது டெக்னிக்கல் விஷயம்" என்று பதில் வரும்.

இஞ்சினின் வயிற்றுப் பக்கம் துடைத்துக்கொண்டே போனேன். கிடைத்துவிட்டது! கட்டைவிரல் தடிமனுக்கு இரும்பிலேயே புடைத்துக்கொண்டு, ஆறு இலக்கம், வரிசையாக. குழந்தைகூடப் படிக்கலாம். இவ்வளவு பெரிய எண்ணைக் காலையிலிருந்து இத்தனை போலீஸ்காரர்கள் பார்க்கவில்லையே என்று எனக்குச் சிரிப்பே வந்தது. காகிதம் கேட்டு வாங்கி, நின்றபடியே ஆங்கிலத்தில் எழுதினேன். "மோட்டார் பொறியியலில் பயிற்சி பெற்றவனாகிய நான், இந்த இஞ்சினை முழுமையாகப் பரிசோதித்தேன். இதுவே இதன் எண். இதில் எள்ளளவும் சந்தேகமில்லை." எண்ணை எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்தேன். கையெழுத்தில் வழக்கத்தை விட ஒரு சுழி அதிகம் போட்டேன்.

சப்-இன்ஸ்பெக்டர் அதையும் ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரசீதில் உள்ளது வேறு எண்."

 மருதமுத்துவைக் காப்பாற்ற வந்தவன், அவரைக் காப்பாற்றும் ரசீதே பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

"ரசீது எழுதியவர் தப்பாக எழுதியிருப்பார் சார். இஞ்சின் பொய் சொல்லாது. உலகத்தில் ஓர் இஞ்சினுக்கு உள்ள எண் இன்னோர் இஞ்சினுக்கு இருக்காது" என்றேன்.

அந்தக் கார்ப்பரலுக்கு என் மேல் என்ன கோபமோ தெரியவில்லை, பக்கத்தில் நின்ற போலீஸ் லாரியின் பானெட்டைத் திறந்து உள்ளே குனிந்தார். அதுவும் பட்டாளத்திலிருந்து வந்த லாரிதான். குனிந்தபடியே என் காகிதத்தைக் கேட்டு வாங்கினார். நிமிர்ந்தார். அந்த லாரியின் வயிற்றிலும் அதே ஆறு இலக்கம் புடைத்துக்கொண்டிருந்தது.

"உலகத்தில் இன்னொன்று இருக்காது என்றீர்களே" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "இதற்கு என்ன அர்த்தம்?"

இங்கேயாவது தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்ற சொல் நான்கு பாடத்திலும் வரவில்லை.

"இரண்டில் ஒன்று திருட்டு இஞ்சின் சார்" என்றேன்.

"எது?"

"அதை... போலீஸ்தான் சொல்லணும்."

ஐந்து நிமிடத்தில் நான் மருதமுத்துவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். (ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். சாக்ஸில் ஓட்டை. அது தனிக் கதை.)

"வாங்க கிராணி ஐயா" என்றார் மருதமுத்து, வீட்டுக்கு வந்தவனை அழைப்பது போல. தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். நடந்ததைச் சொன்னேன்.

"இது வரைக்கும் எத்தன இஞ்சினு பாத்திருப்பீங்க?"

"படத்திலயா, நெசத்திலயா?"

"நெசத்தில."

"இன்னிக்குப் பாத்ததோட ரெண்டு."

"ஒண்ணு நம்ம வண்டி. இன்னொண்ணு?"

"போலீஸ் லாரி."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "ஐயா, கப்பலேத்திருவாங்களா? அஞ்சு வயசுல இங்க வந்தவன் நான். அங்க எனக்கு ஒரு ஆளும் இல்ல லா. நாகப்பட்டினத்துல எறக்கிவுட்டா எந்தப் பக்கம் நடக்கணும்னே தெரியாது."

அது வரை நான் அவரை மருதமுத்து என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். கிராணிகளுக்கு அப்படி ஒரு திமிர் உண்டு. அன்று முதல் முறையாக "அண்ணே, என்னை மன்னிச்சிருங்க" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கம் என்றால் என்ன என்பதை அந்தச் சிமெண்டுத் தரையில்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் ஜன்னல் கம்பி வழியாக முற்றத்தைப் பார்த்தார். "தனம் என்ன பண்ணுது?"

நானும் எட்டிப் பார்த்தேன். தனம் தள்ளி நிற்கவில்லை. கார்ப்பரலிடம் தனக்குத் தெரிந்த பாசார் மலாயில், கடைத்தெருப் பேச்சில், மண்ணெண்ணெய் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் தயங்கி, விளக்குக்கு வைத்திருந்த புட்டியைக் கொடுத்தார். ஸ்டேஷன் சமையலறைப் பக்கம் கிடந்த தேங்காய் மட்டையை எடுத்து நாரைப் பிரித்தாள். பானெட்டுக்குள் குனிந்தாள்.

மருதமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "ஏ தனம்! பொட்ட அழிக்காத! ஆறு வருசப் பொட்டு!"

அவள் நிமிரக்கூட இல்லை. "பொட்டு நாளைக்கிக்கூட வச்சிக்கலாம்ப்பா. நீ கம்முனு இரு!"

அப்படித் தேய்த்தாள். ஒவ்வொரு வருஷமாக உதிர்ந்தது. கடைசிச் சந்தனம் போனதும் கீழே வழவழவென்று ஓர் இரும்புத் தட்டை தெரிந்தது. அதில் ஊசியால் குத்தியது போல் சின்னச் சின்ன எழுத்துகள், வெயிலில் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. தனம் வண்டிக்குள் கையை விட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மருதமுத்து எப்போதும் வைத்திருக்கும் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தாள். ஒரு சிட்டிகை எடுத்து அந்த இரும்பின் மேல் தேய்த்து, மிச்சத்தை முந்தானையால் துடைத்தாள். கறுப்பு இரும்பில் எண் வெள்ளை வெளேரென்று எழுந்து நின்றது. அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது. நான் படித்த எந்தப் பாடத்திலும் அது இல்லை. அவளுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் ரசீதை நீட்டிப் பிடித்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டார். இரண்டு முறை. பிறகு போலீஸ் லாரியிலும் அதே இடத்தைத் துடைக்கச் சொன்னார். அங்கே வேறு எண். நான் எழுதிக் கொடுத்தது அச்சில் வார்க்கும்போதே விழுகிற எண், அந்த அச்சில் பிறந்த அத்தனை இஞ்சினுக்கும் பொது. (அடுத்த வாரம் ஐந்தாம் பாடம் வந்தது. முதல் பக்கத்திலேயே கட்டம் போட்டு எச்சரித்திருந்தார்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.)

மருதமுத்துவை உடனே விட்டுவிட்டார்கள். பதிவு அட்டையை மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கடிதமும் கொடுத்தார்கள். என்னை விடவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் இன்னொரு காகிதமும் கார்பன் தாளும் வைத்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "நான் இஞ்சினியர் அல்ல. இந்த இஞ்சினின் எண்ணை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடித்தவர் டிரைவரின் மகள் தனம்." இந்த முறை கையெழுத்தில் சுழி எதுவும் இல்லை. அதை மலாயிலும் தமிழிலும் எல்லோர் முன்னாலும் வாசிக்க வைத்தார். கார்ப்பரல் கை தட்டினார். அசலைக் கோப்பில் வைத்துக்கொண்டு, நகலைத் தனத்திடம் கொடுத்தார்.

கேட் சாத்துவதற்குள் திரும்பிவிட்டோம். முன்னால் மருதமுத்துவும் தனமும். பின்தட்டில், இரண்டு பிள்ளைகள் பிறந்த இடத்தில், நான். வாசலில் பாதி எஸ்டேட் நின்றது. "யாரு கண்டுபிடிச்சா?" என்று கேட்டார்கள். மருதமுத்து வண்டியை நிறுத்தி, மகளின் தோளில் கை வைத்து, "எம்மவ" என்றார். அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

ஒரு வருஷம் கழித்து என் வீட்டில் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். டிரைவர் மகள் தனத்தைக் கட்டிக்கொள்கிறேன் என்றதும், கிராணி வேலை பார்க்கிறவனுக்கு லயத்திலிருந்தா பெண் என்று அம்மா ஒரு வாரம் பேசவில்லை. நான் அப்பாவிடம் ஸ்டேஷன் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, "அதெல்லாம் சரி, அந்தப் பொண்ணு உன்னைக் கட்டிக்கச் சம்மதிக்குமான்னு கேட்டியா?" என்றார்.

கேட்டேன். தனம் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அந்தக் கார்பன் நகலைக் கண்ணாடி போட்டு வீட்டு முன்னறையில் மாட்ட வேண்டும். மாட்டினேன். கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் இன்னும் தொங்குகிறது. பச்சை வண்டி போய்விட்டது, மாமா போய்விட்டார், கார்பன் எழுத்து மட்டும் மங்க மாட்டேன் என்கிறது. ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டு வாசலில் எத்தனை கார் நின்றாலும் பொட்டு வைப்பது தனம்தான். எண்ணுக்குப் பக்கத்தில் வைப்பாள், எண்ணின் மேல் வைக்க மாட்டாள். எஸ்டேட் ஆட்கள் எங்கே பார்த்தாலும் என்னை "இஞ்சினியரு" என்றுதான் கூப்பிடுவார்கள். வெளியூர்க்காரர்கள் அதை நம்பி மரியாதை கொடுப்பார்கள். நானும் மறுக்க மாட்டேன்.

போன வருஷம் என் பேத்தி மெக்கானிக்கல் இஞ்சினியரிங் முடித்துப் பட்டம் வாங்கினாள். வீடு நிறைய ஆட்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எழுந்து நின்று, "நம்ம குடும்பத்துல ரெண்டாவது இஞ்சினியரு!" என்று அறிவித்தேன். முதலாவது யார் என்று யாராவது கேட்பார்கள், சிரிக்கலாம் என்று நினைப்பு.

யாரும் கேட்கவில்லை. தனம்தான் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ரெண்டாவதுதான்" என்றாள். பிறகு சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த நகலைக் கையால் காட்டினாள்.

"மொத ஆளு யாருன்னு தாத்தாவே எழுதி, கையெழுத்துப் போட்டிருக்காரு பாரு."